நாலடி ஜன்னல்

வெறும் தரையில் சுண்ணாம்புப் பொடியால் போட்ட கோடுகள்தான் இன்றைக்கு எங்கள் வீடு.

ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. ஆனாலும் என் மாமனார் கோட்டைத் தாண்டாமல், வாசலுக்கென்று விட்டிருந்த இடைவெளி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தார். செருப்பையும் வெளியே விட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சிரித்துக் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிற நாளா இது?

எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஜன்னல்.

நகரியில் நாங்கள் இப்போதிருக்கும் வீட்டில் பதினோரு வருஷமாகச் சுவரைப் பார்த்து நின்று சமைக்கிறேன். தெருவில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும், யார் வண்டி வாங்கினாலும், கடைசியாகத் தெரிவது எனக்குத்தான். புது வீட்டிலாவது அடுப்புக்கு நேரே, கிழக்கே தெருப்பக்கம், மூன்றடியில் ஒரு ஜன்னல் வேண்டுமென்றேன்.

போன வாரம் மேஸ்திரி சிரஞ்சீவியை வைத்துக்கொண்டே மாமா மறுத்துவிட்டார்.

"ரோட்ல போறவன்லாம் நம்ம ஊட்டு கொழம்ப எட்டிப் பாத்துக்கினு போவணுமா?"

மாமா சொன்னால் சொன்னதுதான். அவர் சொன்ன சொல்லை மாற்றி இந்த மண்டலத்தில் யாரும் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரரோ, இந்தப் பேச்சை எடுத்தாலே ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்.

அதனால்தான் நேற்று யாருக்கும் தெரியாமல் புத்தூருக்குப் போய் வாஸ்து பார்க்கிற சித்தாந்தியைச் சந்தித்தேன். வாஸ்து என்றால் மட்டும் மாமா மறுபேச்சுப் பேச மாட்டார். மூன்றடி ஜன்னலுக்காகச் சித்தாந்தியிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். சித்தாந்தி சிரித்தாரே தவிர, சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

இப்போது அவர் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கோடுகளுக்குள் நடந்தார். சமையலறை மூலையில் நின்றார்.

"அக்னி மூலை. கிழக்கால ஜன்னல் இல்லாம இங்க அடுப்பே வெக்கக் கூடாது. நாலடி வுடுங்க."

நாலடி!

"நாலடியா!" என்று மாமா தெருவுக்கே கேட்கிற மாதிரி அலுத்துக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, வாஸ்துவே சொன்ன பிறகு நாம் என்ன செய்ய முடியும் என்பதுபோல மேஸ்திரியிடம் கையை விரித்தார். சிரஞ்சீவி காலால் கோட்டை அழித்துவிட்டு நாலடிக்கு இடைவெளி விட்டார்.

எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

சித்தாந்தி வண்டியைக் கிளப்பும்போது மோர்ச் சொம்போடு ஓடினேன். மூன்றடி கேட்டவளுக்கு நாலடி கொடுத்தீர்களே, உங்கள் பிள்ளைகுட்டி நன்றாக இருக்கட்டும் என்று கைகூப்பினேன்.

அவர் நிதானமாக மோரைக் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் கண்ணைக் காட்டினார்.

மாமா, அடுப்பு வரப்போகும் இடத்தில் நின்று, அந்த இடைவெளி வழியாகத் தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணடி நீ கேட்டதும்மா," என்றார் சித்தாந்தி. "நாலடி, நீ வர்றதுக்கு மொத நாளே அவரு வந்து கேட்டுட்டுப் போனது."