வேண்டாத டாக்டர்

"தொடாதே! கைய எடு!"

ஆதிகேசவன் தட்டிவிட்ட வேகத்தில் பயிற்சி டாக்டர் கோகுலகிருஷ்ணனின் கையிலிருந்த ஊசி தரையில் விழுந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்வையில் தொப்பலாக நனைந்து கிடக்கிற மனிதருக்கு இத்தனை வீம்பா என்று நர்ஸ் ஷோபாவுக்கு எரிச்சலாக வந்தது.

திருப்பதியில் அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு அன்று காலையிலிருந்தே சந்தைக்கடையாகத்தான் இருந்தது. ரேணிகுண்டா ரோட்டில் வேன் கவிழ்ந்து அடிபட்டு வந்தவர்களோடு பெரிய டாக்டர் முரளிதரன் பக்கத்து அறையில் போராடிக்கொண்டிருந்தார். இங்கே மிச்சம் ஷோபாவும் கோகுலும்தான்.

கோகுல் கிர்கிஸ்தானில் டாக்டருக்குப் படித்தவன். திரும்பி வந்து, இங்கே வைத்தியம் பார்க்க எழுத வேண்டிய பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டு, ஒரு வழியாகத் தேறி, பயிற்சிக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. 'ஃபாரின் பேட்ச்' என்று வார்டில் எல்லோருக்கும் அவன் மேல் ஓர் இளப்பம். ஷோபாவுக்கும் இருந்தது. ஆனால் அவன் ஊசி போட்டால் குழந்தைகள்கூட அழுவதில்லை என்பதையும் அவள் பார்த்துத்தான் இருந்தாள்.

"பெரியவரே, ஈசிஜியில ஹார்ட் அட்டாக்னு காட்டுது. உடனே மருந்து ஏத்தணும். சாருக்குக் கையக் குடுங்க."

"நீ குத்தும்மா. இல்லாங்காட்டி வேற டாக்டரக் கூப்புடு. கிர்கிஸ்தான்ல படிச்சவன் எனக்கு வேணாம்."

கோகுலின் முகம் வெளிறிப் போயிற்று. உதடு துடித்தது. ஒரு நோயாளி திட்டியதற்கா இப்படி உடைந்துபோவான் என்று நினைத்தபடி ஷோபா புது ஊசியைப் பிரித்தாள்.

இடது கையில் குத்தினாள். நரம்பு நழுவி, தோல் புடைத்துக்கொண்டது. வலது கையிலும் அதே கதை. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்ததில் நரம்புகள் எல்லாம் உள்ளே ஒடுங்கிவிட்டன.

"என்னால ஆவல சார். நீங்க வாங்க."

கோகுல் ஓரடி முன்னால் வந்தான். ஆதிகேசவன் கையை இழுத்து முதுகுக்கடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். தலைமாட்டிலிருந்த மானிட்டர் அலறியது. அவன் பின்வாங்கினான், அவர் படுத்தார். மறுபடி கிட்டே போனான், மறுபடி எகிறினார்.

"ஒரே ஒரு தடவை... குடுங்களேன்..." கோகுல் இரண்டு கையையும் கூப்பினான். டாக்டர் நோயாளியைக் கும்பிட்டு ஷோபா அதுவரை பார்த்ததில்லை.

"இவரு கூட வந்தவங்க யாரு? சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா எடுத்துச் சொல்லுங்கப்பா!" ஷோபா வாசல் பக்கம் பார்த்துக் கத்தினாள். விஜயபுரத்திலிருந்து அவரை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் எப்போதோ கிளம்பிப் போயிருந்தார்.

கோகுல் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"நீ பேசாதே!" ஆதிகேசவன் அதட்டினார். அந்த அதட்டலிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. "வீட்டுக்காரி பஸ்ல வந்துக்கினு இருக்கா. வேற யாரும் இல்ல."

கடிக்கக் கொடுத்த மாத்திரையை அவர் எப்படியோ மென்று விழுங்கினார். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. எதைச் செய்தால் பிழைப்பார் என்று தெரிந்த இரண்டு பேர், எதையும் செய்ய முடியாமல், மானிட்டரில் எண்கள் சரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஷோபா மூன்றாம் முறை ஆள் அனுப்பிய பிறகுதான் முரளிதரன் ஓடி வந்தார். அவருக்கே கழுத்து நரம்பில்தான் வழி கிடைத்தது. மருந்து ஏறத் தொடங்கியதும் கோகுல் பக்கம் திரும்பினார்.

"ஏமய்யா, பொம்மை மாதிரி நிக்கிறே? எவ்வளவு நேரம் போச்சு!"

கோகுல் குனிந்து, தரையில் கிடந்த ஊசியைப் பொறுக்கினான்.

"அடைப்பை எடுக்க உள்ள கொண்டு போங்க," என்றார் முரளிதரன். பிறகு ஷோபாவின் காதருகே குரலைத் தாழ்த்தினார். "லேட்டாயிடுச்சும்மா. உறுதியா ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

ஷோபா ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்த்தபோது கோகுல் சுவரில் சாய்ந்து, வெள்ளைக் கோட்டின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு நின்றான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போகும் கதவருகே நின்றாள்.

"அந்தப் புள்ளைக்குக் கை எவ்ளோ சுத்தம் தெரியுமா? அப்பவே வுட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது. அவன் மேல உங்களுக்கு இன்னா அவ்ளோ கோவம்?"

ஆதிகேசவன் மெல்லக் கண்ணைத் திறந்தார். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

"கோவம் இல்லம்மா... நான் போய்ட்டா, பெத்த நைனாவ என் கையாலயே சாகடிச்சிட்டேன்னு காலத்துக்கும் அழுவான்."