பால்கனி மின்சாரம்

“இந்தச் சனியனை இன்னிக்கே இனாயத் பாய் கடையில எடைக்குப் போட்டுட்டு வாங்க. இல்லேன்னா நானே தூக்கித் தெருவுல எறிஞ்சிடுவேன்!”

ஃப்ளோரா கரண்டியும் கையுமாக பால்கனி வாசலில் நின்று கத்தினாள். அவள் கணவர் ஆம்ப்ரோஸ் வாத்தியார் காதில் விழாதவர் போல வயரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

சாந்தோமில் அந்த பால்கனிக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் பவர் ஹவுஸ். மொட்டை மாடியில் சோலார் தகடு. அதிலிருந்து இறங்கும் வயர். கீழே மரப்பலகை மேல், புதுப்பேட்டையில் தேடிப் பிடித்து வாங்கிய பழைய கார் பேட்டரிகள். பகல் வெயிலை அதில் பிடித்து வைத்து, கரண்ட் போனதும் ட்யூப் லைட் எரிய வேண்டும். வாத்தியார் போட்ட திட்டம் அதுதான்.

கிறிஸ்துமஸுக்கு ஜோராக எரிந்தது. பொங்கலுக்கு மங்கியது. மார்ச் வந்ததும், ஏற்றிய வேகத்தில் அணைகிறது. அவரும் வயரை மாற்றிப் பார்த்தார், பேட்டரிகளை இடம் மாற்றிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

“பிளஸ் டூ எழுதற பொண்ணு மெழுகுவத்தியில படிக்குது. நாளைக்குக் கணக்குப் பரீட்சை. ஜொவிட்டாவை அடையாறுக்கு அனுப்பப் போறேன். என் தம்பி வீட்டுல ஜெனரேட்டர் இருக்கு.”

ஆம்ப்ரோஸுக்குச் சுருக்கென்றது. மைத்துனன் ஜாஸ்பர், கல்யாண வீடு சாவு வீடு என்று பார்க்காமல் ‘வாத்தியார் கரண்ட்’ பற்றிக் கிண்டலடிப்பவன். பெண் அவன் வீட்டு வெளிச்சத்தில் படித்தாள் என்றால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்.

“இன்னிக்கு ஒரு நாள் பொறு ஃப்ளோரா. நேத்துதான் கனெக்‌ஷன் எல்லாம் புதுசாப் போட்டிருக்கேன். எரியலைன்னா நானே எடைக்குப் போட்டுடறேன்.”

“இதையேதான் போன வாரமும் சொன்னீங்க. ஆசிட் பட்டு என் புடவையெல்லாம் சல்லடை ஆயிடுச்சு. ஒரு துணி காயப்போட எடம் இல்ல. இந்த லட்சணத்துல ஸ்கூல்ல ஃபிசிக்ஸ் வாத்தியார்!”

சாயங்காலம் வழக்கம் போல கரண்ட் போனது. ஆம்ப்ரோஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். ட்யூப் லைட் பளிச்சென்று எரிந்தது. ஜொவிட்டா கைதட்டிவிட்டுப் புத்தகத்தை விரித்தாள். பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் விளக்கு இரண்டு முறை துடித்து அணைந்தது.

“சாரி டாடி. நான் மாமா வீட்டுக்கே போறேன்” என்று அவள் பையைத் தூக்கினாள்.

ஆம்ப்ரோஸுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆத்திரத்தோடு டார்ச்சை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் பேட்டரி மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகினார். எல்லாவற்றிலும் விளிம்பு வரை தண்ணீர். அவர் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மாதக்கணக்காகிறது. இந்த வெயிலுக்கு வற்றியிருக்க வேண்டும்.

“ஃப்ளோரா! இதுல எவனோ தண்ணி ஊத்தியிருக்கான்! டிஸ்டில்டு வாட்டர் தவிர வேற தண்ணி பட்டா பேட்டரி செத்துடும். நம்ம ஏரியா உப்புத் தண்ணின்னா கேக்கவே வேணாம். உன் தம்பி வேலைதானே? என்னை அவமானப்படுத்தணும்னே வந்து வந்து ஊத்திட்டுப் போறான்!”

ஃப்ளோராவின் முகம் வெளுத்தது.

“அவனைத் திட்டாதீங்க” என்றாள். காலையில் தெருவே கேட்கக் கத்தியவளுக்கு இப்போது குரலே எழும்பவில்லை. “அவன் முன்னாடி நீங்க ஜெயிக்கணும்னு வேண்டிக்கிட்டு, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வர்றப்பல்லாம் மாதா கோயில்லேர்ந்து மந்திரிச்ச தண்ணி கொண்டாந்து நான்தான் ஊத்தினேன். லைட்டு மங்க ஆரம்பிச்சதுலேர்ந்து தினமும் ஊத்தறேங்க!”