காற்று இழுக்கும் சத்தம்

“இது இல்ல. வேற காட்டுங்க.”

ஜான்சி உதட்டைப் பிதுக்கியதும் இளவரசு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இன்ஜினை அணைத்தான். மஞ்சக்குப்பத்தில் மெக்கானிக் ஷெட் போட்ட நாளிலிருந்து எத்தனையோ கார்ப் பைத்தியங்களைப் பார்த்திருக்கிறான். ஆனால் இப்படிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே உயிரை வாங்கியவர் யாருமில்லை.

காலையில் போன் செய்துவிட்டுத்தான் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தாள். “காருக்குக் கோல்டு ஏர் இன்டேக் போடணும். எதுன்னு கேட்டுப் பாத்துட்டு முடிவு பண்றேன்” என்றாள். வந்து நின்றது ஒரு சாதாரண வெள்ளைக் கார். கூட வந்தவர், முடியை ஒட்ட வெட்டிய ஐம்பது வயதுக்காரர், இறங்காமல் முன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

“மேடம், மொத மொத வண்டிய மாத்தி அமைக்கறீங்கன்னா நான் சொல்றதக் கேளுங்க. நல்ல டயரு, நல்ல பிரேக் பேடு. அதுக்கப்புறந்தான் இன்டேக்கு. இன்டேக்குங்கறது இன்ஜினுக்குக் காத்து இழுக்கற பைப்புதான், அது போட்டா பவர் கொஞ்சந்தான் ஏறும். சத்தந்தான் ஜாஸ்தி.”

“எனக்கு சத்தந்தாண்ணே முக்கியம்.”

“ஃபில்டர இன்ஜின் பக்கத்துலயே தொறந்து வெச்சா சூடான காத்தத்தான் இழுக்கும். பைப்ப நீட்டி பம்பருக்குப் பின்னாடி எறக்குனா வெளிக்காத்து ஜில்லுன்னு வரும். ஆனா நம்மூரு மழத்தண்ணில வுட்டீங்கன்னா இன்ஜின் காலி. அதான் யோசிச்சு செய்யணும்னு சொல்றேன்.”

அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. ஷெட்டில் நின்ற அடுத்த வண்டியைக் கைகாட்டினாள். அவன் ஏறி இன்ஜினை உறுமவிட்டான். அவள் வண்டியைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

“இதுவும் இல்ல.”

வெள்ளைக் காரில் இருந்தவர் இப்போது போனைக் கீழே வைத்துவிட்டு, ஷெட்டில் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அனுமதியில்லாமல் பைப் மாற்றிய வண்டிகளுக்குக் கெடுபிடி அதிகமாகியிருக்கிறது என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பேசிக்கொண்டது இளவரசுக்கு நினைவுக்கு வந்தது.

மெல்ல அந்தக் காரருகே போனான். “சார், டீ சொல்லட்டுங்களா?”

“வேணாம். நீங்க மேடத்தப் பாருங்க.”

அதட்டிப் பேசிப் பழகிய குரல். இளவரசு ஜான்சியிடம் திரும்பி வந்தான். கேட்டே விட்டான். “மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க ஆர்.டி.ஓ. ஆபீசுங்களா?”

“இல்லண்ணே. ஸ்கூல் டீச்சரு.”

“அப்ப எந்த மாதிரி சத்தம் வேணும்? சொன்னாத்தான எனக்குத் தெரியும்? சும்மா எல்லா வண்டியவும் உறும வுட்டுக்கிட்டே இருந்தா எப்படி?”

ஜான்சி மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். “மொதல்ல உஸ்ஸுன்னு இழுக்கும். கியர் மாத்தறப்ப நிக்கும். மறுபடி இழுக்கறப்ப நடுவுல ஒரு விசில் வரும், கொழந்த அழற மாதிரி. ஒரே ஒரு தடவதான் கேட்டேன். காத வுட்டுப் போவ மாட்டேங்குது. சிதம்பரத்துல ஒரு கடையும் பாக்கி வெக்கல. யாருக்கும் தெரியல.”

இளவரசின் பயம் போன இடம் தெரியவில்லை. அந்த விசில் அவனுடையதல்லவா! வளைவில் கழுத்து குறுகும்படி அலுமினியப் பைப்பை வெட்டி, அவன் கையாலேயே வெல்டு வைத்தது. அதைத் தேடி ஒருவர் ஊர் ஊராக அலைந்திருக்கிறார் என்றால் சும்மாவா?

“அது கடையில விக்கற சரக்கு இல்ல மேடம். நானே செஞ்சது! இந்தச் சுத்துவட்டாரத்துலயே ஒரே வண்டிலதான் இருக்கு.”

“யாரு வண்டி?”

“என் மச்சான் ஞானசேகரனோடது. பொண்டாட்டியோட தம்பி. இங்கதான் நிக்குது, இருங்க.”

ஷெட்டின் கோடியில் மூடிக் கிடந்த தார்ப்பாயை உருவினான். சிவப்புக் கார். முன்பக்க பம்பர் மட்டும் பெயின்ட் அடிக்காமல் கறுப்பாக இருந்தது. இளவரசு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். உஸ்ஸென்று காற்றை இழுத்தது. விட்டு, மறுபடி அழுத்தினான். தகரக் கூரை அதிர, அந்த விசில் எழுந்தது.

ஜான்சியின் கை சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டது. வெள்ளைக் காரின் கதவு திறந்தது.

“எப்படி மேடம்?” இளவரசு சிரித்தபடி வண்டியை அணைத்து இறங்கினான்.

“இதுதான்.”

அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஒரு இன்டேக்குக்காக அழுகிற ஆளை அவன் இதுவரை பார்த்ததில்லை. அவள் மெதுவாக வந்து கறுப்பு பம்பர் மேல் கையை வைத்தாள்.

“இது ஏன் பெயின்ட் அடிக்காம இருக்கு?”

“புது பம்பர் மேடம், இனிமேதான் அடிக்கணும். மச்சான் சிதம்பரம் ரோட்டுல புதுச்சத்திரத்துக்கிட்ட வர்றப்ப நாய் ஒண்ணு குறுக்க வுழுந்துடுச்சாம். மழ வேற, கண்ணு தெரியலியாம்.”

இறங்கி வந்தவர் இளவரசுக்குப் பின்னால் வந்து நின்றார். ஜான்சி பம்பரிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அது நாய் இல்லண்ணே. என் தம்பி.”