கிளம்பாத இளவரசன்

பாஷ்யம் எழுதிவந்த மாயாஜால நாவலில் பத்து அத்தியாயம் முடிந்துவிட்டது. ஏழு மலைக்கு அப்பால், ராட்சசன் கோட்டையிலிருக்கும் இளவரசியை மீட்க வேண்டிய இளவரசன் இன்னும் அரண்மனை வாசலையே தாண்டவில்லை.

எழுத எழுத வாங்கிப் படிப்பவர் காகிதக் கடை சேக் முகைதீன் ராவுத்தர்.

“ஏன் சாமி, அவன் எப்பத்தான் கெளம்புவான்?”

“மழை விடட்டும் ராவுத்தரே.”

“போன வாரம் குதிரைக்குக் கால்வலின்னீரு. அதுக்கு முந்தி சகுனம் சரியில்லன்னீரு. அம்புட்டுப் பயமா அவனுக்கு?”

“பயமில்லை, கௌரவம்!” என்றார் பாஷ்யம் வெடுக்கென்று.

ராவுத்தர் சிரித்தபடி காகிதங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

பதினோராம் அத்தியாயத்தில் பாஷ்யம் ஆற்றில் வெள்ளம் வரவழைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. தகரப்பெட்டியும், கையில் பத்து அத்தியாயங்களுமாக மரகதவல்லி இறங்கினாள்.

“ராவுத்தர் வாராவாரம் கொடுத்தனுப்பினார். கோச்சுண்டு போன ஆம்படையாளை அழைச்சுண்டு வர, ஏழு மைல்ல இருக்கற ராஜபாளையத்துக்கே வராதவர், ஏழு மலையா தாண்டப்போறேள்?”

பாஷ்யம் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

“இதைப் படிச்சுட்டு ராட்சசனே வண்டி வச்சு அனுப்பிட்டார்” என்றாள் அவள். “எங்கப்பாவைத்தான் சொல்றேன்.”