நிஜமான அழுகை

அந்த விளம்பரம் டிவியில் வர ஆரம்பித்ததும் ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது.

கவிழ்ந்து கிடக்கும் கார். சீட் பெல்ட் போடாத அம்மா அசையாமல் கிடக்கிறாள். பக்கத்தில் ஏழு வயதுச் சிறுமி கதறி அழுகிறாள். அவ்வளவுதான் விளம்பரம்.

சாப்பிடுகிற நேரத்தில் இதையா காட்டுவது என்று பாதிப் பேர் திட்டினார்கள். இப்படி உறைக்கிற மாதிரி சொன்னால்தான் பெல்ட் போடுவார்கள் என்றார்கள் மீதிப் பேர்.

அழுத சிறுமியின் சொந்த அம்மா இரண்டாவது கட்சி. "நாலு உயிர் பிழைச்சாப் போதாதா?" என்று சொல்லி, குறை பேசுபவர்கள் வாயை அடைப்பாள்.

மகள்தான் ஆளே மாறிப்போயிருந்தாள். அம்மா குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே காவல் இருந்தாள். பள்ளிக்கூட வாசலில் அம்மாவின் கையை விடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தன்னையே டிவியில் பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று நினைத்தார் அப்பா.

அந்தச் சமயத்தில்தான் விளம்பரத்தை எடுத்த இயக்குநர் வீடு தேடி வந்தார். அடுத்தது தீ விபத்தைப் பற்றிய விளம்பரமாம். இவள்தான் நடிக்க வேண்டுமாம்.

"பெரிய நடிகைங்களுக்கே இப்படி அழ வராதுங்க. ஒரே டேக்ல முடிச்சுட்டா" என்றார்.

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்பா போய்க் கெஞ்சிப் பார்த்தார். மசியவில்லை.

வந்த மனுஷன் முன்னால் மானத்தை வாங்குகிறாளே என்று அம்மாவுக்குக் கோபம். அவளும் உள்ளே போனாள்.

"போன தடவை நல்லாத்தானே அழுதே? இப்ப என்னடி அடம்?"

மகள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"இந்தத் தடவையும் நீ வெளியதான் இருப்பியா?"

"ஆமா. நான் நின்னா உனக்கு நடிப்பு வராதுன்னு அங்கிள் சொன்னாரே."

"அன்னிக்கு நீ வெளிய போனதும், ரோட்டுல அடிபட்டு நீ செத்துட்டேன்னு அங்கிள் சொன்னாரும்மா. நான் அழ ஆரம்பிச்சதும் கேமராவைப் போட்டாங்க."

அம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஹாலில் இயக்குநர், குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றி அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"இத ஏன்டா கண்ணு அம்மாகிட்ட அப்பவே சொல்லல?"

"டிவில அத பாத்துட்டு நீ கைதட்டினியேம்மா. அங்கிள் அப்படிச் சொன்னது உனக்கும் தெரியும்னு நெனச்சேன்."