சவரிமுத்துவின் விமர்சனம்

ஆளுக்கொரு வீடியோ கேம், அவரவர் மனம் குளிரத் தானாகவே பிறக்கும் காலம் அது. ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு சவரிமுத்து, தன் கேமைப் பற்றி ஏழு கடலும் கொந்தளிக்கும்படி விமர்சனம் எழுதினார்: "இந்தக் கதையைக் கழுதை தின்றாலும் செரிக்காது!"

ஒரு குளம்கூடச் சலனப்படவில்லை. நண்பர் பிச்சையாவுக்கு போன் போட்டு அபிப்பிராயம் கேட்டார்.

"உம்ம கேமை நான் எங்க ஓய் பார்த்தேன்? எனக்கு வேறல்லா வந்திருக்கு!"

'மறுத்துப் பேச நாதியில்லை' என்று விமர்சனத்தின் கடைசியில் சேர்த்தார் சவரிமுத்து.

மறுநாள் கேமுக்குள் புதிதாக ஒரு டீக்கடைக்காரர் நின்றார். "உம்ம விமர்சனம் சுத்த அபத்தம் ஓய்!"

சவரிமுத்துவுக்கு நாற்பது வயது குறைந்தது. தெருவே அதிரச் சண்டை போட்டார். மத்தியானம் அவருக்கு லேசாக மூச்சு வாங்கியது.

டீக்கடைக்காரர் உடனே கைகூப்பினார். "நீங்க சொல்றதுதாங்க சரி, ஐயா."

"விட்டுக்குடுக்காதீரும் ஓய்," என்று கெஞ்சினார் சவரிமுத்து.

"சரிங்க ஐயா."