வேன் துடைக்கிற ஆள்

எதிர் வில்லாவின் வாசலில் வாளியும் துணியுமாகத் தன் கணவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்த நாகவள்ளிக்கு உடம்பு கூசியது. சோலையப்பன் துடைத்துக்கொண்டிருந்தது பாஸ்கரின் வேனை.

பாஸ்கர் என்கிற விஜயபாஸ்கர் அந்நியன் அல்ல, அவளுடைய அண்ணன் மகன். சார்ஜாவுக்கு வந்த புதிதில் அவள் வீட்டு ஹாலில் படுத்து, அவள் கையால் சாப்பிட்டவன். இன்று ஏசி ரிப்பேர் கம்பெனி முதலாளி. கம்பெனியின் நான்கு வேன்களையும் தன் வீட்டு வாசலிலேயே தெருவை அடைத்து நிறுத்துகிறவன்.

போன வாரம் அவன் வீட்டு விருந்தில்தான் அது நடந்தது. "வாசல்ல கம்பெனி வண்டி நிறுத்தக் கூடாதுன்னு முனிசிபாலிட்டி போர்டு வச்சிருக்கே, உங்களுக்குப் பைன் வரலையா?" என்று பந்தியில் ஒருவர் கேட்டார்.

"பக்கத்து வில்லா பேக்கரிக்காரனுக்கு இருக்கிறது ஒரு பிக்கப்பு. அதுக்கு மாசம் தவறாமப் பைன். என் வண்டிய எவனும் தொட முடியாது. வெள்ளிக்கிழமை தவறாம சந்தனம் குங்குமம் அப்பிப் பூசை போடுறேன்ல. சாமி பாத்துக்கும்."

சொல்லிச் சிரித்தவன், அதே சிரிப்போடு சோலையப்பன் பக்கம் திரும்பினான். "மாமா, ரிட்டயர் ஆகிச் சும்மாத்தான இருக்கீங்க? நம்ம வேன் துடைக்கிறவன் லீவுல ஊருக்குப் போயிட்டான். ஆள் வேணும். வர்றீங்களா?"

பந்தியே சிரித்தது. முப்பது வருஷம் ஒரே கம்பெனியில் தலைமைக் கணக்கராக இருந்து, போன மாதம்தான் மாலை மரியாதையோடு வெளியே வந்த மனிதர், குனிந்த தலை நிமிராமல் மோர் சோற்றைப் பிசைந்தார். நாகவள்ளி பாதியிலேயே இலையை மூடிவிட்டு எழுந்தாள். இந்தச் சிரிப்புக்கு அவன் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

அவள் அதற்கு வழி தேடிக்கொண்டிருக்க, கட்டியவர் இப்படித் துணியோடு போய் உட்கார்ந்துவிட்டார்.

கைப்பேசி ஒலித்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற குரூப்பில் பாஸ்கர் ஒரு வீடியோ போட்டிருந்தான். சோலையப்பன் வேன் துடைக்கும் காட்சி. கீழே ஒரு வரி: 'மாமா டியூட்டியில சேந்தாச்சு.' அதற்குள் ஊரிலிருந்து சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவளுடைய அண்ணன்கூட ஒன்று போட்டிருந்தார்.

நாகவள்ளி செருப்புக்கூட மாட்டாமல் கீழே இறங்கி ஓடினாள்.

"எந்திரிங்க."

"மெதுவாப் பேசு."

"என்னத்த மெதுவா? எங்கப்பா மட்டும் இருந்திருந்தா இந்நேரம் நாக்கப் புடுங்கிட்டுச் செத்திருப்பாரு. எந்திரிங்கங்கிறேன்."

"மூணு முடிஞ்சுது. ஒண்ணுதான் பாக்கி. அப்புறம் எவ்வளவு வேணாலும் திட்டு."

துணியைப் பிழிந்துகொண்டு நான்காவது வேனுக்கு நகர்ந்தார். போன வெள்ளிக்கிழமை அப்பிய சந்தனமும் குங்குமமும் புழுதியோடு சேர்ந்து நம்பர் பிளேட்டில் இறுகிக் கிடந்தன. நகத்தால் சுரண்டிச் சுரண்டித் துடைத்தார். பிளேட் புதுசு போலானது. ஜன்னல் கண்ணாடியையோ கதவையோ அவர் தொடவே இல்லை. அங்கே புழுதி விரல் கனத்துக்கு அப்படியே இருந்தது. மானத்தை விட்டுச் செய்கிற வேலையையாவது முழுசாகச் செய்யக் கூடாதா என்று அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

பால்கனியிலிருந்து பாஸ்கர் குரல் கொடுத்தான். "அத்தை, டயரையும் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க. யல்லா மாமா, யல்லா, சீக்கிரம்."

"எனக்கு இது போதும்ப்பா" என்றார் சோலையப்பன்.

தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் திரும்பியது. காலையில் தினமும் வருவதுதான். கூரைமேல் ஏதோ ஒரு பெட்டி இருக்கும். நான்கு வேன்களையும் ஒட்டினாற்போல் ஊர்ந்து, அடுத்த தெருவுக்குள் நுழைந்தது. சோலையப்பன் எழுந்து முதுகை நிமிர்த்தி, அது மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். நாகவள்ளி திட்டியது எதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

சற்று நேரத்தில் பால்கனியில் கைப்பேசி மணி அடித்தது. மறுபடியும் அடித்தது. மறுபடியும். நான்காவது முறை அடித்ததும் பாஸ்கரின் சிரிப்பு நின்றது.

கைலியை இறுக்கிக்கொண்டே கீழே ஓடி வந்தான். "பைன் வந்திருக்கு அத்தை, நாலு வண்டிக்கும். வீட்டு வாசல்ல கமர்ஷியல் வண்டியாம்." கைப்பேசியை நீட்டினான். "அந்த முனிசிபாலிட்டி கேமரா கார் தினந்தான் வருது. இத்தனை நாள் ஒரு நம்பர்கூட அதுல விழுந்ததில்ல. இன்னைக்கு மட்டும் எப்படி..."

அவன் கண்கள் நம்பர் பிளேட்டுகளில் ஒவ்வொன்றாக ஊர்ந்து, கடைசியில் சோலையப்பனின் கையிலிருந்த துணியில் வந்து முடிந்தன.

நாகவள்ளியின் கண்களும் அங்கேதான் வந்து நின்றன. ஒரு வாரமாக எரிந்துகொண்டிருந்த வயிறு குளிர்ந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அந்த வீடியோவ அழிச்சிராதப்பா. குரூப்புல அப்படியே இருக்கட்டும்."

"மாமா... நீங்களா?"

சோலையப்பன் துணியை உதறி, மடித்து, வாளியின் விளிம்பில் போட்டார்.

"துடைக்க ஆள் வேணும்னு நீதானப்பா கேட்ட?"